பேச்சிமுத்துவுக்குக் கட்டம் இல்லை

ஜன்னலோரம் நீங்களே இருங்கம்மா. கையில வேற கட்டுப் போட்டிருக்கீய, இந்தப் பக்கம் இருந்தா போறவன் வாறவன் எல்லாம் இடிப்பான். எனக்கு எங்கன இருந்தா என்ன. மதுரைக்குத்தானே? நானும் மதுரைக்குத்தான்.

என்ன ஆச்சு கையில? கஞ்சி வடிக்கும்போதா? ஐயோ! மூடி நழுவிட்டோ. முழங்கை வரைக்கும்லா சுத்தியிருக்காங்க. பச்சத் தண்ணிய ஊத்தினீயளா உடனே? நல்ல காலம். பேனா மையி, மாவுன்னு எதையாவது அப்பியிருந்தா புண்ணாப் போயிருக்கும். அக்கா வீட்டுக்கா போறீய, ஒத்தக் கையால ஆக்கித் திங்க முடியாதுன்னு? அதுவும் சரிதான். வீட்டுக்காரர் மஸ்கட்லயா? பஸ் ஸ்டாண்டுல போன் பேசிக்கிட்டு இருந்தது அவர்ட்டதானா. நல்லது, நல்லது.

நானா? என் பேரு பியூலா. உப்பளத்துப் பக்கம் போயி பியூலா அக்கா வீடு எதுன்னு கேட்டா சின்னப்பிள்ள கூட கையக் காட்டும். போன வருசம் வரைக்கும் காட்டும். இப்பம் காட்டுமா, மண்ண வாரித் தூத்துமான்னு தெரியாது.

இந்த ஃபைலா? இதத்தான் பாக்கீயளா. இதுக்குத்தான் மதுரைக்குப் போறேன். புதுசா ஒரு நிறுவனம் வந்திருக்காம். பொம்பளைகளுக்கு வேல செய்யுற சங்கங்களுக்கு உதவி குடுக்காங்களாம். நாளைக்குக் கூட்டம். அம்பத்தெட்டு வயசுல மறுபடியும் முதல்ல இருந்து ஃபாரம் எழுதுதேன், பாருங்க என் தலையெழுத்த. கழுத தேஞ்சு கட்டெறும்பான கததான்.

சொல்லுதேன். மூணு மணி நேரம் இருக்குல்லா. உங்க முகத்தப் பாத்தா சொல்லலாம்னு தோணுது.

நான் பதினெட்டு வருசமா சங்கம் நடத்துதேன். உப்பளத்துல வேல பாக்குற பொம்பளைகளுக்கு. நீங்க உப்பளம் பாத்திருப்பீய, ரோட்டுல போகும்போது வெள்ள வெளேர்னு குமிச்சு வச்சிருப்பான், அழகா இருக்கும், போட்டோ எடுப்பாங்க. உள்ள இறங்கிப் பாத்தாத்தான் தெரியும். கருக்கல்ல போயி பாத்தியில இறங்கினா வெறுங்காலு உப்புத் தண்ணியில ஊறி ஊறி வெடிச்சிரும். அந்த வெடிப்புல மறுநாளும் உப்பு. வெயிலு மேல இருந்து ஒரு பக்கம், கீழ உப்புல பட்டு ஒரு பக்கம், நாப்பது வயசுல கண்ணு மங்கிரும். ஒண்ணுக்குப் போக ஒரு மறைப்புக் கிடையாது. கைப்பிள்ளைய என்ன செய்வாங்க தெரியுமா? வரப்புல சேலையக் கட்டி நிழல் மாதிரி பண்ணி அதுக்கு அடியில போட்டுட்டு வேலைக்கு இறங்குவாங்க.

அந்தக் காலுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் குடுத்தது யாரு? இந்தப் பியூலா. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி? இந்தப் பியூலா. மொதலாளிகிட்ட மல்லுக்கு நின்னு கக்கூஸ் கட்ட வச்சது? பால்வாடி ஆரம்பிச்சு நாப்பது பிள்ளைகள நிழல்ல தூங்க வச்சது? நான் சும்மா பெருமைக்குச் சொல்லல. போயி கேட்டுப் பாருங்க. இல்லன்னு சொல்லட்டும் ஒருத்தி.

இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு? என் வீட்டுல காய்ச்சா தொங்குது? வெளிநாட்டு உதவி. நாலு வருசத்துக்கு ஒருக்கா ஃபாரம் எழுதணும். முப்பது பக்கம் இருக்கும். நோக்கம் என்ன, எத்தன பேருக்குப் பயன், அது இதுன்னு. அதையெல்லாம் ஒருத்தரும் வாசிக்கமாட்டாங்க, எனக்குத் தெரியும். ஒரு பக்கம் இருக்கு. 'ஒரு பெண்ணின் கதை'ன்னு தலைப்புப் போட்டு கீழ வெறுமையா விட்டிருப்பாங்க. மூலையில போட்டோ ஒட்ட இடம். அந்த ஒரு பக்கத்தத்தான் வாசிப்பாங்க. அது சரியா அமைஞ்சா பூட்ஸ் வரும். அமையலன்னா வராது. அம்புட்டுத்தான்.

எனக்கு அமைஞ்சவதான் சண்முகக்கனி.

கனின்னுதான் கூப்பிடுவோம். சங்கத்துக்கு மொத நாளே வந்தவ. அவ புருசன் பேச்சிமுத்துதான் சைக்கிள்ல பின்னால வச்சுக் கொண்டாந்து விட்டான். 'அக்கா, இவளுக்கு ஒண்ணும் தெரியாது, நாலு பேரோட பழகட்டும்'னான். எத்தன புருசன் அப்படிச் சொல்லுவான்? நல்ல பையன். அவனும் உப்பளத்துலதான் வேல. எங்க ஆபீசுக்கு மொத மொத கீத்து மேஞ்சதே அவந்தான். கூலி குடுத்தா வாங்கமாட்டேனுட்டான், 'சங்கம் நம்மதுதானக்கா'ன்னுட்டு இறங்கிப் போனான். ஆறு வருசம் கழிச்சு, அளத்துல தண்ணி இறைக்கிற மோட்டார்ல கைய வச்சான். ஈரக் கை. கரண்ட் அடிச்சு அந்த இடத்துலயே போயிட்டான். பொம்பளப் பிள்ள ஒண்ணு, வனிதான்னு, ஒம்பது வயசு.

நான்தான் கூட இருந்தேன். பதினாறு நாளும் போனேன். கஞ்சி காய்ச்சிக் கொண்டு போயி குடுத்தேன். நான் செய்யாதது என்ன சொல்லுங்க.

அந்த நேரம் பாத்து ஃபாரம் வந்துட்டு. அந்த வருசம் அவங்க கேட்டது என்னன்னா, வீட்டுல கொடுமைக்கு ஆளான பொம்பளைக. அவங்க வருசா வருசம் ஒண்ணு கேப்பாங்க, நம்ம இஷ்டத்துக்கா கேப்பாங்க? கதப் பக்கத்துக்கு மேல கட்டம் கட்டமா போட்டிருந்தாங்க. புருசன் குடிக்கானா, அடிக்கானா, சூடு வச்சானா, விரட்டி விட்டானா. ஏதாவது ஒண்ணுல டிக் அடிக்கணும். கரண்ட் அடிச்சுச் செத்த புருசனுக்கு அதுல கட்டம் இல்லம்மா. நான் என்ன செய்ய?

அடிபட்ட பொம்பளைக சங்கத்துல இல்லாமயா? நிறைய உண்டு. லூர்தம்மாவுக்கு முதுகு முழுக்கத் தழும்பு. ஆனா போட்டோவுக்கு உக்காரச் சொன்னா பல்லக் காட்டிச் சிரிப்பா. வந்தவங்க எப்படி நம்புவாங்க? கனி முகம் அப்படி இல்ல. சும்மா நின்னாலே இப்பந்தான் அழுது முடிச்ச மாதிரி இருக்கும்.

டிக் அடிச்சேன்.

மொதல்ல ரெண்டு வரிதான் எழுதினேன். குடிப்பான், அடிப்பான்னு. எழுத எழுத அதுவா வந்துட்டு. விறகுக்கட்டையால அடிச்சான், வயித்துப்பிள்ளையோட இருக்கும்போது வெளிய தள்ளிக் கதவ அடைச்சான், கடைசியில விட்டுட்டே ஓடிட்டான்னு. இங்கிலீஷ்ல எழுதினா அவ்வளவு பெருசா தெரியாதும்மா, சின்னச் சின்ன வார்த்தையா இருக்கும். செத்தவனுக்கு வலிக்கவா போகுதுன்னு நெனச்சேன். உயிரோட இருக்குற நாப்பது பேரு காலு வலிக்குல்லா.

வந்துட்டு. மொத பூட்ஸ் அதுல வந்ததுதான்.

ஒரு நிமிசம், உங்க போன் அடிக்குது. எடுங்க, எடுங்க. நான் ஒட்டுக் கேக்கமாட்டேன்.

வீட்டுக்காரரா? கையத் தொங்கப் போடாதன்னு சொல்லுதாரா. எட்டயபுரம் வந்தாச்சான்னு கேக்காரு, வழியெல்லாம் கூடவே வாறாரு போல. இருக்கட்டும், குடுத்து வச்சவ நீங்க.

எங்க விட்டேன்? ஆங், பூட்ஸ். ஃபாரம் எழுதினா மட்டும் போதாது, வருசத்துக்கு ஒருக்கா அவங்க நேர்ல வந்து பாப்பாங்க. அன்னைக்குச் சங்கத்துல எல்லாரும் ஒரே மாதிரி நீலச் சேல. ஜமுக்காளம் விரிச்சு வட்டமா உக்காருவோம். ஒரு பாட்டு, ஒரு பொன்னாட, பொறவு கனி எந்திரிச்சுப் பேசுவா, நான் இங்கிலீஷ்ல சொல்லுவேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, வந்தவங்களுக்குத் தமிழ் தெரியாது. நடுவுல நான்தான்.

அவ என்ன பேசுவா? புருசனப் பத்தித்தான். 'உன் கதையச் சொல்லு கனி'ன்னா அவளுக்கு அதத் தவிர வேற கத கிடையாது. 'அவரு இருந்த மட்டும் எனக்கு வெயிலே தெரியல. இவ வயித்துல இருக்கும்போது என்னப் பாத்தியில இறங்க விடல, என் பங்கையும் சேத்து அவரே வாரினாரு'ன்னு சொல்லி அழுவா. நான் இங்கிலீஷ்ல, வயித்துப்பிள்ளையோட இருக்கும்போதும் அடிச்சான்னு சொல்லுவேன். வந்த வெள்ளக்காரம்மா கண்ணத் தொடைப்பாங்க. கனி கண்ணத் தொடைப்பா. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுவாங்க. எனக்கே அழுக வந்துரும். கண்ணீரு ஒண்ணுதானம்மா, எதுக்கு வந்தா என்ன? நான் பொய் சொன்னேன்னு சொல்லுதாங்க. அந்தக் கண்ணீரு பொய்யா?

மூணு தடவ உதவி குடுத்தாங்க. ரெண்டாவது தடவ வீட்டுக் கொடுமை போயி, பருவமழை மாறிப் பாதிக்கப்பட்ட பொம்பளைகன்னு கேட்டாங்க. கனியத்தான் போட்டேன். மூணாவது தடவ, தலைமைப் பண்பு வளர்ந்த பொம்பளை. அதுலயும் கனி. ஆனா ஆரம்பத்துல அந்தக் குடிகாரப் புருசன் இருந்தாத்தான் கத எடுக்கும், அத மட்டும் விட முடியல. கூட்டங்களுக்குப் போனா மத்த சங்கத்துக்காரங்க, 'கனி எப்படி இருக்கா பியூலா'ன்னு கேப்பாங்க, என் சொந்தக்காரிய விசாரிக்கிற மாதிரி.

அந்த உதவியிலதான் வனிதா படிச்சுது. நான்தான் காலேஜ்ல சேத்து விட்டேன். பி.ஏ. இங்கிலீஷ். உப்பள வேலக்காரி மக இங்கிலீஷ் படிக்குது! என்ன அது பெரியம்மான்னுதான் கூப்பிடும். படிச்சு முடிச்சதும், வா மக்கா, வெளிய எங்கயும் போவாண்டாம்னு நம்ம ஆபீஸ்லயே கம்ப்யூட்டர்ல உக்கார வச்சேன். நாலாவது ஃபாரம் வந்திருந்துச்சு. இதுதான் பெருசு, அஞ்சு வருசத்துக்கு. பால்வாடிக்குச் சொந்தமா காங்கிரீட் கட்டடம். மழைக்கு ஒழுகாத கூரை. பிள்ளைக அந்தக் கட்டடத்துல குடியேறிட்டா நான் கண்ண மூடலாம்னு இருந்தேன்.

அந்தப் பிள்ளைட்டயே சொன்னேன், 'பழைய ஃபைல்ல உங்க அம்மா பக்கம் இருக்கும், அத அப்படியே பாத்து அடிச்சிரு'ன்னு. சொல்லிட்டு நான் சர்ச்சுக்குப் போயிட்டேன்.

கோட்டிக்காரி நான். பன்னெண்டு வருசம் படிக்க வச்சவளுக்கு, படிச்சா வாசிக்கும்னு தோணல பாருங்க. எனக்கு அது இன்னும் ஒம்பது வயசுப் பிள்ளையாவே மனசுல இருந்திருக்கு.

திரும்பி வந்தா கம்ப்யூட்டர் ஓடுது, நாற்காலி காலி. மறுநாள் மத்தியானம் கனி வாறா. அளத்துல இருந்து நேர, கால்ல உப்போட, நான் வாங்கிக் குடுத்த பூட்ஸக் கையில தூக்கிக்கிட்டு. வாசப்படியிலயே நின்னா. உக்காருட்டின்னேன், உக்காரல.

'அக்கா, எம் புருசன் என்ன அடிச்சாராக்கா?'ன்னா.

'அது ஃபாரத்துக்கு எழுதுறது கனி'ன்னேன்.

'உங்களுக்கு அவரத் தெரியும்லாக்கா'ன்னா.

'தெரியும்ட்டி. நல்லவந்தான். யாரு இல்லன்னா?'

'அப்பம் ஏங்க்கா அப்படி எழுதினீய?'

கட்டம் இல்லன்னு சொன்னேன். அவளுக்குப் புரியல. எப்படிப் புரியும், அவ ஃபாரம் எழுதினவளா? பொறவு சொன்னா, 'அக்கா, நீங்க என்ன எழுதினாலும் நான் சொல்லுதேன். பிச்ச எடுத்தேன்னு எழுதுங்க, ஆமான்னு சொல்லுதேன். அவர மட்டும் எடுத்திருங்க. செத்தவருக்கு வந்து பதில் சொல்ல வாய் கிடையாதுல்லா.'

சரின்னேன். மேச மேல பைபிள் இருந்துச்சு, அது மேல கைய வச்சு, 'இந்தத் தடவ எடுத்திருதேன் கனி, போ'ன்னேன். அவளும் நம்பிக் கும்பிட்டுட்டுப் போனா.

எடுக்கணும்னுதாம்மா நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். ராத்திரி உக்காந்து பாத்தா, பழைய மூணு ஃபாரத்துலயும் ஒண்ணு இருக்கு, இதுல மட்டும் இல்லன்னா அவங்க என்ன நெனப்பாங்க? ஒண்ணக் கேட்டா ஒம்பதக் கேப்பாங்க. கட்டடம் போயிரும். நாப்பது பிள்ளைக பெருசா, செத்துப் போன ஒருத்தன் பேரு பெருசா? நீங்களே சொல்லுங்க. அப்படியே அனுப்பிட்டேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அனுப்பினத வனிதா பாக்கும்னு அப்பவும் எனக்குத் தோணல. அதோட, பைபிள் மேல வச்சது இடது கை. வலது கையில போன் இருந்துச்சு.

சிரிக்கீயளா? சிரிங்க. எனக்கு அன்னைக்கு அது ஆறுதலா இருந்துச்சு.

பாக்க வந்தாங்க. ஒரு வெள்ளக்காரம்மா, டெல்லியில இருந்து ஒரு சாரு. நீலச் சேல, ஜமுக்காளம், எல்லாம் வழக்கம் போல. நெய்மீன் வாங்கிக் கொழம்பு வச்சிருந்தேன். பாத்தா, கனி மட்டும் நீலச் சேல கட்டல. சாதாரணச் சேலையில வந்திருக்கா, இடுப்புல ஒரு துண்டுல எதையோ சுத்தி வச்சிருக்கா. வனிதா எம் பக்கத்துல வந்து, 'இன்னைக்கு எங்கம்மா பேசுறத நான் சொல்லுதேன் மேடம்'னுச்சு.

மேடம்! பெரியம்மா போயி மேடம். நான் எடுத்து வளத்த பிள்ள.

'நீ போயி உக்காரு'ன்னேன்.

கனி எந்திரிச்சா. அழல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு, ஒவ்வொரு தடவையும் அழுவா, அன்னைக்கு ஒரு சொட்டு இல்ல. துண்ட அவுத்தா. உள்ள பேச்சிமுத்து போட்டோ. கண்ணாடி போட்டு, சந்தனம் வச்சு. அத வெள்ளக்காரம்மா கையில குடுத்துட்டு, 'இவருதான் எம் வீட்டுக்காரரு. இவரு ஒரு நாளும் என்னக் கை நீட்டி அடிச்சதில்ல. இதச் சொல்லுங்கக்கா'ன்னு என்னப் பாத்தா.

கேளுங்க, நான் சொல்லியிருக்கலாம். ஒரு வரிதானே. வாயத் தொறந்தேன். பன்னெண்டு வருசமா ஒரே பாட்டப் பாடின வாயி. 'இதுதான் அவ புருசன் போட்டோ, இவன் அடிச்ச அடிய அவளால இன்னும் மறக்க முடியல'ன்னு வந்துட்டு. வந்துட்டும்மா. நான் என்ன செய்ய.

'நோ!'ன்னு ஒரு சத்தம். வனிதா. எந்திரிச்சு நின்னு மடமடன்னு இங்கிலீஷ்ல கொட்டிட்டு. மோட்டார், கரண்ட், கீத்து, சைக்கிளு, ஒண்ணு விடல. நல்ல இங்கிலீஷ், என் இங்கிலீஷ விட நல்லா. நான் படிக்க வச்ச இங்கிலீஷ்.

மத்த பொம்பளைகளப் பாத்து, 'நீங்களாவது சொல்லுங்களேம்ட்டி, நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்'ன்னேன். நாப்பது பேரும் ஜமுக்காளத்தப் பாத்துக்கிட்டு இருக்காங்க. லூர்தம்மா மட்டும் தலையத் தூக்கி, 'பேச்சிமுத்து நல்லவம்லா, பியூலா'ன்னா. அக்கான்னு கூடச் சொல்லல. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. உப்புக்குள்ளயே கிடக்குறவளுகளுக்கு அது தெரியலையே.

வெள்ளக்காரம்மா அந்தப் போட்டோவ மடியில வச்சுக்கிட்டு என்னக் கேட்டாங்க, இது உண்மையான்னு. 'பூட்ஸ் உண்மை, பால்வாடி உண்மை, கக்கூஸ் உண்மை, வாங்க காட்டுதேன்'ன்னேன். அவங்க எந்திரிச்சுக் கனிட்ட போயி, போட்டோவ ரெண்டு கையாலயும் குடுத்து, குனிஞ்சு ஏதோ சொன்னாங்க. வனிதா அத அவ அம்மாட்டச் சொல்லுச்சு. எனக்குக் கேக்கல. பதினெட்டு வருசத்துல எம் மூலமா போகாத மொத வார்த்த அதுதான். நெய்மீன் கொழம்பு அப்படியே இருந்துச்சு, ஒரு வாய் சாப்பிடல. பொன்னாடையையும் நாற்காலியில வச்சுட்டுப் போயிட்டாங்க.

பதினஞ்சு நாள்ல கடுதாசி வந்துட்டு. நம்பிக்கை முறிஞ்சு போச்சாம். உதவி நின்னுட்டு, கட்டடம் போச்சு. நம்பிக்கையாம், நம்பிக்கை! என் நம்பிக்கைய யாரு கேட்டா? தூக்கி வளத்தவ முதுகுல குத்தினாளே, அதுக்கு எந்த நாட்டுல கடுதாசி போடுவான்? வளத்த கடா மாருல பாஞ்சுட்டும்மா. வயிறு எரியுது இன்னும்.

பால்வாடிய நான் பூட்டிட்டேன். வேற வழி? 'பாத்துக்கிடுங்கட்டி, இப்பம் தெரியும் பியூலா யாருன்னு'ன்னு இருந்தேன். ஒரு வாரத்துல வந்து கால்ல விழுவாளுகன்னு வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு வாரம். ஒரு மாசம். ஒருத்தியும் வரல.

தாங்கமாட்டாம நானே போனேன். கனி வீட்டு முத்தத்துல ஓலக்கொட்டக போட்டிருக்காளுக. நாப்பது பிள்ளைகளும் அங்கன தூங்குது. ஒரு நாளைக்கு ஒருத்தின்னு வேலைக்குப் போகாம முறை வச்சுப் பாத்துக்கிடுதாளுகளாம். சாயங்காலம் வனிதா பாடம் சொல்லிக் குடுக்காம். கொட்டகச் சுவர்ல ஒத்தப் போட்டோ மாட்டியிருக்கு. என் போட்டோவா? பேச்சிமுத்து போட்டோ. சங்கம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து நாயா ஒழைச்சது நான், மாட்டியிருக்கிறது அவன!

கனி உள்ள போயி செம்புல மோரு கொண்டாந்தா. 'குடிங்கக்கா'ன்னா. வந்தவங்களுக்குக் குடுக்குற மாதிரி, ரெண்டு கையால. அவ வீட்டுல நான் அடுக்களைக்குள்ள போயி நானே மோந்து குடிக்கிறவ. செம்ப வாங்கி அப்படியே திண்ணையில வச்சேன்.

'என்னட்டி, இப்பம் சந்தோசமா?'ன்னு கேட்டேன்.

அவ கோவப்படல. 'பூட்ஸு குடுத்தீய, கண்ணாடி குடுத்தீய, எம் பிள்ளையப் படிக்க வச்சீய. உயிரு இருக்குற மட்டும் நான் கையெடுத்துக் கும்பிடுதேங்க்கா. ஆனா எம் புருசன எடுத்துட்டீயளேக்கா'ன்னா.

நான் எங்கம்மா எடுத்தேன்? அவந்தான் அதுக்கு முன்னாலயே செத்துட்டானே.

அழுறீயளா? அழாதீய. எனக்கும் அப்படித்தான் இருக்கு, யாருட்டயும் சொல்ல முடியல. நீங்களாவது என் பக்கத்து நியாயத்தக் கேட்டீய. யாருக்கு அழுறீயோ, கண்ணீரு ஒண்ணுதான்.

அருப்புக்கோட்ட தாண்டிட்டு. இனி ஒரு மணி நேரம் தான்.

இந்த ஃபாரத்தப் பாருங்க. முப்பது பக்கமும் நானே எழுதிட்டேன். ஓலக்கொட்டக பால்வாடின்னு அதையும் சேத்துக்கிட்டேன், சங்கத்துப் பிள்ளைகதானே. இந்த ஒரு பக்கம்தான் வெறுமையாக் கிடக்கு. ஒரு பெண்ணின் கதை. அளத்துல ஒருத்தியும் இனி போட்டோவுக்கு நிக்கமாட்டா. நாளைக்குக் காலையில குடுக்கணும், கையில ஆளில்லாம போறேன். ஆண்டவரே, ஒரு வழி காட்டும்னு ஜெபம் பண்ணிக்கிட்டேதான் பஸ்ல ஏறினேன்.

ஏறினா, நீங்க இருக்கீய.

இல்லம்மா, தப்பா நெனைக்காதீய. பேர மாத்திருவேன். ஊர மாத்திருவேன். உங்க வீட்டுக்காரரப் பத்தி ஒரு வார்த்த தப்பா எழுதமாட்டேன், பைபிள் பைக்குள்ளதான் இருக்கு, வேணும்னா வலது கைய வச்சே சொல்லுதேன். நாப்பது பிள்ளைகளுக்கு ஒழுகாத கூரை வரும், அத நெனச்சுப் பாருங்க. ஒரே ஒரு போட்டோதான். இந்தா, போன்லயே எடுத்திருவேன், ஒரு நிமிசம்.

அப்படியே இருங்க. தலைய சீவ வேண்டாம், கலைஞ்சே இருக்கட்டும். கண்ணத் தொடைக்காதீய. அந்தக் கைய மட்டும் கொஞ்சம் மேல தூக்குங்க, கட்டுத் தெரியணும்.

போன் அடிக்குதா? வீட்டுக்காரராத்தான் இருக்கும். இப்பம் எடுக்காதீய, பொறவு பேசிக்கிடலாம். ஜன்னல் பக்கமா பாருங்க.

சிரிக்காதீய.